குடும்பத்தோடு பார்க்கிற நாடகம்

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு இருக்கிற தம்பி தங்கைமாரே, வணக்கம்.

கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்தில் இருக்கிற பாறைப் பிளவை, அந்த இராவணன் வெட்டை, எட்டிப் பார்க்காமல் திரும்பியவர் இந்த ஊரில் இருக்கமாட்டார். குடும்பத்தோடு பார்க்கிற நாடகத்தில் நாம் எதை மறைக்கிறோம், எதைக் காட்டுகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. ஆகவே நானும் இராவணனிலிருந்தே தொடங்குகிறேன். வால்மீகி இராமாயணத்தில் அவன் சீதையை ஒரு கையால் கூந்தலிலும் மறு கையால் தொடையிலும் பற்றித் தூக்குகிறான். கம்பருக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையோடு சேர்த்து நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போனான் என்று பாடிவிட்டார். விரல்கூடப் படவில்லை. ஆனாலும் கடத்தல் கடத்தல்தான், சீதை அழுத அழுகையும் அப்படியே இருக்கிறது. போர் முடிந்த பிறகு இராமன் அவளைப் பார்த்துச் சொல்கிற கொடுஞ்சொற்களையும் கம்பர் மழுப்பவில்லை. மீட்சிப் படலம் படித்தவர்களுக்கு அது தெரியும்.

1987இல் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் 'ராமாயண்' தொடர் வந்தது. ஞாயிறு காலையில், வீடு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில். அந்தத் தொடரில் உண்மையான சீதை முன்கூட்டியே அக்கினியிடம் ஒப்படைக்கப்பட்டு விடுகிறாள். இராவணன் கொண்டுபோனது மாயச் சீதை. தீயில் இறங்குவதெல்லாம் உண்மையானவளைத் திரும்பப் பெறத்தான். இது சாகர் தானாகக் கட்டிய கதை அல்ல, வடநாட்டில் இராமாயணம் பாடிய துளசிதாசர் சொன்ன வழி. பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை, "சீதை என்ன பிழை செய்தா?" என்று கேட்க இடமே இல்லாமல் போய்விடுகிறது. கம்பர் காட்சியை மென்மையாக்கினார். தொடர் அதன் பாரத்தையே இறக்கி வைத்துவிட்டது.

அமெரிக்காக்காரர் இதில் இன்னும் கெட்டிக்காரர். 1983இல் தொடங்கிய 'தி ஏ டீம்' தொடரில் துப்பாக்கிகள் படபடவென்று வெடிக்கும், ஜீப் குட்டிக்கரணம் அடிக்கும், உள்ளே இருந்தவர்கள் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவார்கள். சாவு என்பதே அபூர்வம். ஜப்பானின் 'வன் பீஸ்' கார்ட்டூனை 2004இல் அங்கே சிறுவர்களுக்காக வெளியிட்டபோது, சான்ஜி என்ற சமையல்காரனின் வாயில் இருந்த சிகரெட்டை லொலிபொப்பாக மாற்றினார்கள். சரி, சிகரெட் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சுட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைக்குக் காட்டுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. துப்பாக்கி என்ன செய்யும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்தது. நம் சனல்களிலும் சிகரெட் வந்தால் அந்த இடத்தை மங்கலாக்கி விடுகிறார்கள். நல்லது. ஆனால் அதே திரையில், சென்னையிலிருந்து வருகிற நாடகத்தில், புருஷன் பெண்சாதிக்கு அறைகிறான். ஒரு தடவை அல்ல: முன்பக்கம், பக்கவாட்டு, பிறகு மாமியாரின் முகம் என்று அதே அறை திரும்பத் திரும்ப, இடி முழக்கத்தோடு. அதை ஒருவரும் மங்கலாக்குவதில்லை. பாலில் விஷம் கலப்பதும், கருவைக் கலைக்கச் சதி செய்வதும், கறுத்த மருமகளை நிறம் சொல்லிக் குத்துவதும் இரவுச் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகின்றன. முத்தம் கிடையாது, அதனால் இது 'குடும்ப நாடகம்'.

பெரியவர்களுக்கு வெட்கம் தருவதைத்தான் நாம் வெட்டுகிறோம். பிள்ளையைக் காயப்படுத்துவது நம் கண்ணில் படுவதே இல்லை.

அடியைக் காட்டாமலே அடியைச் சொல்லலாம். கதவைச் சாத்திவிட்டு, குசினியில் இருக்கிற பிள்ளையின் முகத்தில் கமராவை நிறுத்துங்கள், போதும். அதற்குச் செலவும் குறைவு. "சனம் இதைத்தான் பார்க்குது" என்பார்கள். அந்த நேரத்துக்குத் தமிழில் வேறு என்ன கிடக்கிறது, பார்க்க?

மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா நெடுநேரமாக இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.