டைவர்சிட்டி கிளாஸில் எல்லாம் உண்டு, ‘எந்தத் தெரு?’ மட்டும் இல்லை | நெல்லை வ்லாக்

மக்களே, வணக்கம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே நின்று பேசுகிறேன். ஹாரன் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் வைக்கிற கட்டாய டைவர்சிட்டி டிரெயினிங், அதாவது வேறுபட்ட மனுஷர்களோடு பாகுபாடு இல்லாமல் பழகச் சொல்லித்தருகிற கிளாஸ், இந்த வாரம் முடிந்தது. பேக் ஆபீஸ் கம்பெனி, பெயர் வேண்டாம். அமெரிக்கக் கிளையன்ட் கேட்கிறார், அதனால் எல்லோரும் முடித்தே ஆக வேண்டும். முடிக்காதவர் பெயர் மேனேஜருக்கு மெயிலில் போகும். கேன்டீனில் ஒரே முனகல். ‘படிச்சவங்களே இப்படி முனகலாமா’ என்று ஹெச்.ஆர். மேடம் வருத்தப்பட்டார். எனக்கு என்னவோ அந்த முனகலில் பாதி நியாயம் என்றுதான் படுகிறது. எந்தப் பாதி என்பதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் அந்த வீடியோ. கண்ணாடி அறைக்குள் ஆறு பேர் சாலட் சாப்பிடுகிறார்கள். ஒருவர் பக்கத்தில் இருக்கிறவரிடம், ‘உங்கள் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கலாமா?’ என்கிறார். இது சரியா, தவறா என்று கேள்வி. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு அது உண்மையான தொல்லை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் பின் சீட்டு அண்ணாச்சி, ‘ஏம்மா, இங்கன யார் முடியப் போய் நான் தொடப்போறேன்?’ என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வாட்ஸப் குரூப்பில் க்விஸ் விடை வந்துவிட்டது. எண்பது மார்க் எடுத்தால் சர்டிஃபிகேட், கதை முடிந்தது.

டார்கெட்டும் குறையவில்லை. கிளாஸில் போன ஒரு மணி நேர வேலையை ஷிஃப்ட் முடிந்து உட்கார்ந்து முடிக்க வேண்டும். கேப் போய்விட்டால் அம்பாசமுத்திரம் போகிற பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்யும்? மேனேஜர்களோ ‘கிளையன்ட் போன் கால் இருக்கு’ என்று கிளாஸ் பக்கமே வரவில்லை. இதெல்லாம் நியாயமான கோபம்.

அப்புறம், ‘நான் எதுவுமே செய்யலையே, என்னை ஏன் குற்றவாளி மாதிரி உட்கார வைக்காவ?’ என்கிறவர்கள். இதைச் சும்மா வீம்பு என்று ஒதுக்க முடியாது. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலெவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்து, 2016இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். கட்டாய டிரெயினிங் வைத்த கம்பெனிகளில் ஐந்து வருஷம் கழித்து, மேலாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு கூடவில்லை. சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று விட்ட இடங்களில் கறுப்பின ஆண்கள் போன்ற சில பிரிவினரின் பங்கு கூடியிருந்தது. ‘நீ இப்படித்தான் நினைக்க வேண்டும்’ என்று பிடித்து உட்கார வைத்தால் மனுஷன் முறுக்கிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

சரி, இனி மற்ற பாதிக்கு வருகிறேன். ‘இங்க அதெல்லாம் கிடையாது, எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுதோம்.’ இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுசாக ஒரு பையன் வேலைக்குச் சேர்கிறான். டீக்கடையில் முதல் கேள்வி, ‘எந்த ஊரு தம்பி?’ ஊரைச் சொல்கிறான். ‘ஊருக்குள்ள எங்கன?’ பஸ் ஸ்டாப் பக்கம் என்கிறான். ‘பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எந்தத் தெரு?’ அப்படியும் பிடிபடவில்லை என்றால், ‘உங்க கோயில் கொடை எப்போ?’ கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, எந்தக் கோயில் என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். மறுநாள் யார் டிபன் பாக்ஸை யார் நகர்த்தி வைக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வீடியோவில் இதற்கு ஒரு ஸ்லைடு கிடையாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, சாதிப் பகையில், அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கலர் கலராகக் கட்டுகிற கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. பள்ளியில் கயிறு கட்டின பிள்ளைகள் நாளைக்கு ஐடி கார்டு மாட்டிக்கொண்டு நம் ஆபீஸுக்குத்தானே வருவார்கள்?

இதைப் பேச விடாததும் நம்மவர்கள்தான், அதுவும் அமெரிக்காவில். 2022இல் கூகுளில் சாதி பற்றிப் பேச, தமிழ்நாட்டு வேர் உள்ள தலித் உரிமைச் செயல்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊழியர்கள் சிலர் அவரை இந்து விரோதி என்று எதிர்த்தார்கள், பேச்சு ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டார். மறு வருஷம் பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அங்கே சட்டமே வந்துவிட்டது, இங்கே கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிற பையனுக்கு சாலட் வீடியோ.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. யாருக்காக இந்தக் கிளாஸோ அவர்களுடைய எதிர்ப்பு. எங்கள் டீமில் காது கேளாத அக்கா ஒருவர் இருக்கிறார். பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கு மேலாகக் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது, இந்த ஊருக்கு இது புதுசே இல்லை. மாற்றுத்திறனாளிகளை மதிப்பது பற்றிய வீடியோவுக்கு சப்டைட்டில் இல்லை. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, பொக்கே கொடுத்து, எல்லோரும் கைதட்டி போட்டோ எடுத்தார்கள். சீட்டுக்கு வந்ததும் போனில் டைப் செய்து என்னிடம் நீட்டினார்: ‘பூவுக்குப் பதிலா சப்டைட்டில் போடலாம்லா?’

என்னைக் கேட்டால், மனசை மாற்றுகிற கிளாஸுக்கு வருகிறவர்கள் வரட்டும். வேலை நேரத்தில் வையுங்கள், அன்றைக்கு டார்கெட்டைக் குறையுங்கள், மேனேஜரை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். சட்டம் சொல்லித்தருகிற கிளாஸ் மட்டும் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைமை ஒரு சீனியர் பெண், வெளியாள் ஒருவர், மொத்த உறுப்பினரில் பாதியாவது பெண்கள். விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதும் முதலாளியின் கடமை. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். இந்த மூன்று மாதக் கணக்கு தெரியாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

‘அக்கா, கிளாஸுக்குப் போகாமலே இருந்துரலாமா?’ என்று கேட்கிறவர்களுக்கு: போங்கள், கையெழுத்துப் போடுங்கள். கடைசியில் ‘எனி கொஸ்டின்ஸ்?’ என்பார்கள் இல்லையா, அப்போது புகார்க் குழுவில் இருக்கிறவர்கள் பெயரும் போன் நம்பரும் கேளுங்கள். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லிச் சட்டமே சொல்கிறது. சாதி பற்றி அடுத்த தடவை ஒரு பகுதி வேண்டும் என்றும் கேளுங்கள். வாயால் கேட்டால் ‘பாக்கலாம்மா’ என்பார்கள், அதனால் மெயிலில் கேளுங்கள், காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கேப் டிரைவர் அண்ணன் அங்கிருந்தே கையைக் காட்டுகிறார். வரட்டுமா.