பட்டாளத்து வீட்டு ஓட்டு தெருவுக்குத்தான்

நடுவர் அவர்களே, எதிரணியில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்களே, தண்டையார்பேட்டை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பட்டாளத்து வீட்டு ஓட்டைத் தீர்மானிப்பது எல்லையா, தெருவா? எல்லைதான், பட்டாளத்து ஓட்டு மொத்தமா ஒரே பக்கம் என்று முன்னால் பேசிய அண்ணன் தொண்டை கிழிய முழங்கிவிட்டுப் போனார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். பட்டாளத்தைப் பற்றி யார் நல்லதாகப் பேசினாலும் இந்தப் பக்கம் கை தானாகத் தட்டும். கைதட்டல் வேறு, ஓட்டு வேறு ஐயா.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். லடாக் பனியில் நிற்கிற கொருக்குப்பேட்டைப் பையன் எந்த ஊர் வாக்காளர்? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், படையில் சேராமல் இருந்திருந்தால் அவன் எங்கே குடியிருப்பானோ அந்த ஊர்க்காரனாகவே அவனை வைத்துக்கொள்கிறது. அவன் கைக்கு வரும் தபால் ஓட்டுச் சீட்டில் இருப்பது வடசென்னை வேட்பாளர்களின் பெயர். சீட்டு இப்போது மின்னணு வழியில் யூனிட்டுக்குப் போகிறது. அதை அச்செடுத்து, குறியிட்டு, உறுதிமொழிப் படிவத்தோடு உறையில் போட்டு, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டு எண்ணத் தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் கணக்கில் வராது.

அந்தப் பையன் இங்கே நடந்த ஒரு கூட்டத்தையும் கேட்கவில்லை. வேட்பாளர் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. யாரைக் கேட்பான்? கமாண்டரையா? அம்மாவுக்குத்தான் போன் போடுவான். அம்மா என்ன சொல்வாள்? "குழாயில மஞ்சத் தண்ணி வருதுடா, கேட்டா நாளைக்குன்றான். குப்பைமேட்டுப் புகைல உங்கப்பா ராத்திரி பூரா இருமறாரு." எல்லையில் நிற்பவனின் ஓட்டிலேயே இந்தத் தெரு ஏறி உட்கார்ந்துவிட்டதா, இல்லையா?

அமைதிப் பகுதியில், அதாவது போர்முனை அல்லாத முகாம்களில் இருப்பவர்கள் அங்கேயே பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, அதைச் சொல்லவில்லையே என்பீர்கள். சரி, அங்கே பதிந்தால் அந்த ஊர்த் தண்ணீர், அந்த ஊர்ச் சாலை. அதுவும் தெருதானே? கணவனோடு போகாமல் இங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மனைவியோ நம்மோடு சாவடி வரிசையில்தான் நிற்கிறாள். (ராணுவத்தில் இருப்பது மனைவி என்றால், உடன் வசிக்கும் கணவனுக்கு, படைவீரரின் மனைவிக்குக் கிடைக்கும் இந்தத் தபால் ஓட்டு கிடையாது என்று வைத்திருந்தார்கள். 2021-ல்தான் திருத்தினார்கள். அதற்குத் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம்.)

அப்புறம் ஓ.ஆர்.ஓ.பி. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம் என்றால், எந்த வருஷம் ஓய்வு பெற்றாலும் ஒரே ஓய்வூதியம். 2013-ல் அரியானா ரேவாரியில் மோடி முன்னாள் படைவீரர்களைக் கூட்டிப் பேசினார், 2015-ல் முன்னாள் படைவீரர்கள் இந்த ஓ.ஆர்.ஓ.பி.யைக் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷ நவம்பரில் அரசாணை வந்தது. இது எல்லைப் பிரச்சினையா, சமையலறைப் பிரச்சினையா? எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் ஏ.டி.எம். வாசலில் காவல் இருக்கிறார். அவர் போனில் தினமும் தேடிப் பார்ப்பது சீனாவைப் பற்றிய செய்தியை இல்லை. ஸ்பர்ஷ் என்கிற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் தன் உயிர்ச்சான்று ஏறிவிட்டதா என்றுதான். உயிரோடு இருக்கிறோம் என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும், பாவம்.

2022-ல் படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. நாலு வருஷம் வேலை, அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் தொடர்ச்சி, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்று ஒரே தடவை பணம், ஓய்வூதியம் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் அரியானாவில் 2019 மக்களவைத் தேர்தலில் பத்துக்குப் பத்து ஜெயித்த பா.ஜ.க., 2024-ல் ஐந்தில் நின்றது. இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், விவசாயிகள் கோபமும் சேர்ந்தது. அதே வருஷம் அக்டோபரில் சட்டமன்றத்தை ஜெயித்தார்களே என்று அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. அண்ணே, அந்தத் தேர்தல் அறிக்கையில் அக்னிபத்தில் சேர்ந்த அரியானா அக்னிவீரர் ஒவ்வொருவருக்கும் அரசு வேலை என்று எழுதினார்களே, எதற்கு? எல்லையே போதும் என்றால் வேலையை எதற்கு எழுத வேண்டும்?

பட்டாளத்து ஓட்டை யாரும் தனியாக எண்ணிக் காட்டுவதில்லை. தேர்தல் பணியாளர்களின் தபால் ஓட்டோடு கலந்துதான் வருகிறது. அதனால் அண்ணன் சொன்ன "மொத்தமா ஒரே பக்கம்" என்பதை எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னார் என்று நடுவர்தான் கேட்க வேண்டும்.

2019 பிப்ரவரியில் காஷ்மீர் புல்வாமா தாக்குதலில் உயிர்விட்டவர்களில் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். அவர் சி.ஆர்.பி.எஃப். என்கிற மத்திய ரிசர்வ் போலீஸ் படை, ராணுவம் இல்லை. ஆனாலும் அந்தச் சாவுக்கு ஊரே அழுதது. இரண்டே மாதத்தில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. பா.ஜ.க.வின் மாநிலத் தலைவரே தூத்துக்குடியில் நின்றார். கனிமொழி மூன்று லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அழுத கண்தான் ஐயா கனிமொழியின் சின்னத்தையும் தேடியது. முந்தைய வருஷம் அதே ஊரில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்திருந்தார்கள், தெருவில்.

அடுத்துப் பேச வரும் அக்கா தூத்துக்குடிக்கு முதலில் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.