புதுக் கம்ப்யூட்டர் சூடானால், நின்றுபோனால்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியோ, ஆன்லைன் தள்ளுபடிக்குக் காத்திருந்தோ பாகங்களை வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் இன்று நிறையப் பேர். பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் அது. அந்தப் பெட்டி முதல் வாரத்திலேயே கொதிக்கிறது, கேம் ஓடும்போது பட்டென்று நின்றுபோகிறது என்றால் மனசு என்ன பாடுபடும்! உடனே ஓடிப்போய் ப்ராசஸரைக் குளிர்விக்கும் பெரிய கூலர் வாங்குகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறார்கள். காசு கரைகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது.

சூடாவது ஒரு கோளாறு. நின்றுபோவது பெரும்பாலும் வேறொரு கோளாறு. இன்றைய ப்ராசஸர் தன் வெப்பத்தைத் தானே அளந்துகொள்ளும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சூட்டின் முதல் அடையாளம் கம்ப்யூட்டர் மந்தமாவதுதான். நீலத் திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதலில் ரேமையும் மின்சாரத்தையும் வோல்டேஜையும் சந்தேகப்படுங்கள்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிடுங்கள். வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனியுங்கள். தொடங்கிய சில நொடிகளிலேயே 40-லிருந்து 100-க்குத் தாவினால், கூலர் ப்ராசஸர் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால், பெட்டிக்குள் காற்று ஓட்டம் போதவில்லை. சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பலகை இல்லாமல் வெப்பம் நன்றாக இறங்கினால் கூலர் மேல் பழி போடாதீர்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறதா, பின்பக்க ஃபேன் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டுமே உள்ளே இழுக்கும்படி மாட்டப்பட்ட பெட்டிகள் உண்டு.

கூலர் சரியாக உட்காராதது இன்டெல்லோடு வரும் கூலரில் சகஜம். அதற்கு நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். எதிரெதிர் மூலைகளாக, குறுக்காக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'டிக்' என்று கேட்கும். சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். மதர்போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவில் கருப்பு முனை வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் வரவில்லை என்றாலும் கூலர் சாய்ந்துதான் நிற்கும். தனியாக வாங்கிய கூலராக இருந்தால், அதன் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது, ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பதிந்திருக்கும் தடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் தடித்தும் இருந்தால் அழுத்தம் சமமாக விழவில்லை. மறுபடி மாட்டும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

இன்னொன்று. சில மதர்போர்டுகள் முதல் தடவை ஆன் செய்யும்போது, என்ன கூலர் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கும். வாட்டர் கூலர் என்று தட்டிவிட்டால், ப்ராசஸர் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்ற வரம்பையே எடுத்துவிடும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் 4096 வாட் என்று இருந்தால் வரம்பு இல்லை என்று அர்த்தம். ஐ9 13900கே-க்கு இன்டெல் சொன்ன உச்ச அளவே 253 வாட்தான்.

சரி, வெப்பம் 75-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் நின்றுபோகிறது. அப்போது பயாஸில், ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். டிடிஆர்5 ரேமை 6000 வேகத்தில் ஓட்டுவது பெட்டியில் அச்சடித்திருந்தாலும் அது ஓவர்கிளாக்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான். இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றின் உயர்ரக ப்ராசஸர்கள் பலவற்றில் கேம்கள் பாதியில் நின்றுபோயின. சில கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று காட்டின. கிராஃபிக்ஸ் கார்டு நன்றாகத்தான் இருந்தது! ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கியதில் உள்ளே இருந்த சுற்றுகள் தேய்ந்து போயிருந்தன. 2024 ஆகஸ்ட்டில் 0எக்ஸ்129, அடுத்த மாதம் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோட் (ப்ராசஸருக்கு உள்ளே ஓடும் கட்டளைகள்) திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரன்டியையும் இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அப்டேட் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. ஆகவே இந்த ப்ராசஸர் போட்டிருந்தால் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம், யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். அப்டேட்டுக்குப் பிறகும் அதே பிழை வந்துகொண்டே இருந்தால் தயங்காமல் வாரன்டியில் மாற்றித் தரக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாக, அறை. அறை வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவும் ப்ராசஸர் மேலும் ஏறும். டிசம்பரில் 24 டிகிரி அறையில் 85 காட்டி, பரவாயில்லை என்று மூடி வைத்த பெட்டி, மே மாத மதியம் 38 டிகிரி அறையில் 99-ஐத் தொடும். குளிர்காலத்தில் அசெம்பிள் செய்கிறவர்கள் வரம்புக்குக் கீழே பதினைந்து, இருபது டிகிரியாவது மிச்சம் வையுங்கள். நன்றி, வணக்கம்.