விசில் சத்தம் கேட்டால்: வீட்டுப் பாம்பின் மூச்சும் சட்டையும்

[இருட்டு அறை. திரையில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிய விசில். நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வருகிறது.

இப்போது இதைக் கேளுங்கள். இது விசில் இல்லை. ஈர விறகு எரியும்போது வெடிக்குமே, அந்த மாதிரி சின்னச் சின்னதாய் ‘டக், டக்’.

இரண்டும் மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டில், ஒரே பாம்பிடம், வெவ்வேறு நாளில் பதிவு செய்தவை. முதல் சத்தத்துக்கு நான் பயப்படத் தேவையே இல்லை. ஆனால் பயந்தேன். பயத்தில் செய்த வேலைகள்தான் இரண்டாவது சத்தத்தில் கொண்டு போய் விட்டன.

[விளக்கு எரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டிருக்கும் பால் பைத்தான் (ball python), பந்து மாதிரி சுருளும் சின்ன மலைப்பாம்பு.]

வணக்கம். இவள் பெயர் வெல்லம். வெல்லக்கட்டி நிறம், அதனால் அம்மா வைத்த பெயர். பாம்பு வளர்க்கும் தம்பி தங்கைகள் எனக்கு அனுப்பும் செய்திகளில் அடிக்கடி வருவது இரண்டு. “அண்ணே, மூச்சு விடும்போது சத்தம் வருது.” “அண்ணே, சட்டை பாதியிலேயே ஒட்டிக்கிச்சு.” இரண்டையும் ஒரே வீடியோவில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சார்ந்தவை. ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்றை வரவழைப்பது ரொம்பச் சுலபம்.

முதலில் பாம்பு எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

[நெருக்கமான காட்சி: பாம்பு கொட்டாவி விடுகிறது. படம் நிறுத்தப்படுகிறது.]

வாயின் தரையில், நாக்கு வெளியே வரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னப் பிளவு தெரிகிறதா? பொத்தான் ஓட்டை மாதிரி திறந்து மூடுகிறது. மூச்சுக்குழாயின் வாய் அதுதான். எலியை விழுங்கும்போது வாய் முழுக்க அடைத்திருக்கும் அல்லவா? அப்போது இந்தக் குழாயை முன்னால் நீட்டி, ஓரமாக மூச்சு விட்டுக்கொள்ளும். பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல்தான் வேலை செய்கிறது. மலைப்பாம்பு வகைகளுக்கு இடதும் உண்டு, ஆனால் சிறியது.

நமக்கு இருக்கும் உதரவிதானம் பாம்புக்குக் கிடையாது. விலா எலும்புகளை அசைத்துத்தான் மூச்சு இழுக்கிறது. அதனால் அதற்கு இரும முடியாது. நமக்குச் சளி கட்டினால் இருமித் துப்பிவிடுகிறோம். பாம்புக்குள் கட்டிய சளி அங்கேயே தங்கும். ஒரு வாரம் பார்க்கலாம், தானாகச் சரியாகிவிடும் என்று பாம்பின் நெஞ்சுச் சளியை நினைக்காதீர்கள்.

சரி, எந்தச் சத்தம் ஆபத்தில்லாதது?

[கண் பால் நிறமாக மாறிய பாம்பு.]

கண்ணைப் பாருங்கள், பாலும் நீலமும் கலந்த மாதிரி இருக்கிறது. உடம்பு மங்கிப்போய், வயிறு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் திரவம் ஊறியிருப்பதால் வரும் நிறம் இது. சில நாளில் கண் மறுபடி தெளியும். தெளிந்த பிறகு மேலும் சில நாளில் சட்டையைக் கழற்றும். இந்தக் காலத்தில் சாப்பிடாது, ஒளிந்தே இருக்கும். மூக்குத் துளைக்குள் இருக்கும் பழைய தோல் தளரும்போது விசில் வரலாம். சட்டை கழன்றதும் சத்தமும் போய்விடும். போகவில்லை என்றால், மூக்கில் தோல் துணுக்கு மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூக்கிலோ உதட்டோரத்திலோ நுரை, வாயில் கயிறு மாதிரி எச்சில், வாயைத் திறந்தே வைத்திருப்பது, தலையைச் சுவரில் சாய்த்து மேலே தூக்கிக்கொண்டே இருப்பது, அந்த ‘டக் டக்’ சத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் சட்டைக்காகக் காத்திருக்கக் கூடாது. தலையைத் தூக்குவது பிடிவாதம் இல்லை. சளிக்கு மேலே காற்றுக்கு வழி தேடுகிறது. சாப்பிட்ட பிறகு ஒரு தடவை கொட்டாவி விடுவது மட்டும் நோய் இல்லை, தாடையைச் சரி செய்துகொள்கிறது.

[பினாங்கு அடுக்குமாடியின் இரவுக் காட்சி. வரிசையாக ஏர்கோன் பெட்டிகள்.]

இப்போது நான் செய்த தவறு. “பினாங்குதானே, நாலு பக்கமும் கடல், காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்?” என்று எல்லாரும் சொல்வார்கள். வெளியே அது உண்மை. ஆனால் பாம்பு வெளியே இல்லை. ஏர்கோன் ஓடும் அறையில் இருக்கிறது. ஏர்கோனின் பின்னால் சொட்டுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அறைக் காற்றிலிருந்துதான். நான் இரவில் 20 டிகிரியில் வைத்துத் தூங்குவேன். பெட்டிக்குள் ஈரப்பதமானி 44 சதவீதம் காட்டியது. முதலில் அந்த விசில் சத்தம், பிறகு வெல்லத்தின் சட்டை துண்டு துண்டாக வந்தது.

பதறிப்போனேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஈரம் வெளியே போகக் கூடாது என்று காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைத்தேன். ஈரத் துண்டை உள்ளே விரித்தேன். ஈரப்பதமானி 90 காட்டியதும் நிம்மதியாகத் தூங்கினேன். பெட்டியின் குளிர்ந்த பக்கம் இரவில் 22 டிகிரிக்கு இறங்கியதை நான் பார்க்கவே இல்லை. பாம்பு வாங்கிய கடையில் “மலேசியா வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம்” என்றார்கள். நம்பிவிட்டேன். மூன்று வாரத்தில் மூக்கில் நுரை.

குளிர், ஈரம், அசையாத காற்று. மூன்றும் சேர்ந்தால் பாம்பின் நுரையீரலுக்கு அதைவிடக் கெட்டது இல்லை. பாம்பின் உடம்புச் சூடு வெளியிலிருந்து வருவது. சூடு குறைந்தால் நோயை எதிர்க்கும் சக்தியும் குறைகிறது. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஈரத்தில் எப்போதும் இருப்பவைதான். எதிர்ப்பு குறையும் நேரத்தில் அவை பெருகிவிடும்.

[பெட்டியின் குறுக்கு வெட்டுப் படம்.]

இப்போது என் பெட்டி எப்படி இருக்கிறது என்று காட்டுகிறேன். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி. குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. சூடு தரும் ஹீட் மேட்டுக்கு, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். ஈரப்பதம் 60 வாக்கில், சட்டை நேரத்தில் 70. காற்றுத் துளைகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன.

ஈரத்துக்கு நான் மேலே தெளிப்பதில்லை. அடியில் தேங்காய் நார்ச் சில்லுகளை நாலு விரல்கடை உயரம் போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றுகிறேன். அடி ஈரமாக இருக்கும், பாம்பு படுக்கும் மேல்பக்கம் காய்ந்திருக்கும். மேல்பக்கம் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். அப்புறம் ஒரு மூடிய டப்பா, பக்கத்தில் ஓட்டை, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசி (moss). பால் பைத்தானின் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. வெளியே காய்ந்த புல்வெளி என்றாலும் அது பகலில் வளைக்குள், கறையான் புற்றுக்குள் இருக்கும். அங்கே காற்று ஈரமானது. இந்த டப்பாதான் வெல்லத்தின் புற்று. கண் பால் நிறமானதும் அவளே போய் உள்ளே படுத்துக்கொள்கிறாள்.

உங்களிடம் இருப்பது அமெரிக்காவின் கார்ன் பாம்பு என்றால் என் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். அதற்கு ஈரப்பதம் 40 முதல் 60 போதும்.

[நெருக்கமான காட்சி: உரிந்த சட்டை, ஜன்னல் வெளிச்சத்தில்.]

நல்ல சட்டை இப்படித்தான் வரும். உதட்டோரத்தைக் கல்லில் தேய்த்துக் கிழித்து, காலுறையைக் கழற்றுவது மாதிரி உள்பக்கம் வெளியாக, ஒரே துண்டாக. தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு கண்ணாடிப் பொத்தான்கள் தெரிய வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழலும். அப்புறம் வால் நுனி. அதுவும் முழுசாக இருக்க வேண்டும். சட்டை உரித்த ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் நான் அதைக் குப்பையில் போடுவேன்.

ஒட்டிக்கொண்டால்? ஒரு டப்பாவில் 28 முதல் 30 டிகிரித் தண்ணீர், பாம்பின் உடம்பில் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடம். போனைப் பார்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடாதீர்கள். சமையல்கட்டு பேசினிலும் வேண்டாம், பாம்பின் உடம்பில் சால்மோனெல்லா இருக்கலாம். பிறகு ஈரத் துண்டைக் கையில் லேசாகச் சுற்றிப் பிடித்து, அதன் வழியாக அதுவே ஊர்ந்து போகட்டும். நீங்கள் இழுக்க வேண்டாம், அது நகரட்டும். வால் நுனியில் வளையமாக மிஞ்சும் தோலை விட்டுவைக்காதீர்கள். காய்ந்து இறுகி, ரத்த ஓட்டம் நின்று, நுனி கறுத்து விழுந்துவிடும். ஈரப் பஞ்சால் பொறுமையாக எடுங்கள்.

கண்ணில் ஒட்டிய செதிலை மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழையது என்று நினைத்துப் புதியதையும் சேர்த்துப் பிய்த்தால் கண்ணே போய்விடும். ஈரத்தைச் சரி செய்துவிட்டு அடுத்த சட்டை வரை காத்திருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் மருத்துவர் எடுப்பார். சட்டை அடிக்கடி ஒட்டினால், கண்ணோரத்திலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். அவை உண்ணிகள்.

[வெள்ளிக்கிழமை மாலை. சாம்பிராணிப் புகை.]

நம் வீடுகளில் இன்னொன்று உண்டு: புகை. ஒருவர் கேட்டிருந்தார், “பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயில்ல நாள் முழுக்க ஊதுபத்திப் புகை, அந்தப் பாம்புங்க நல்லாத்தானே இருக்கு?” அந்தக் குழிவிரியன்கள் இந்த மண்ணின் பாம்புகள், இயல்பாகவே அசையாமல் காத்திருந்து இரை பிடிப்பவை. அமைதியாகக் கிடப்பதை வைத்து நன்றாக இருக்கின்றன என்று சொல்ல முடியாது. காற்றோட்டமுள்ள கூடத்தையும் உங்கள் படுக்கையறைப் பெட்டியையும் ஒன்றாக நினைக்க முடியாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, பூச்சி ஸ்ப்ரே எதுவும் பாம்பு இருக்கும் அறையில் வேண்டாம். டிங்கிக்காகப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டினால், அன்றைக்குப் பாம்பைச் சொந்தக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

[மருத்துவரின் மேசை.]

மருத்துவரிடம் போகும் முன் போன் செய்து, பாம்பு பார்ப்பீர்களா என்று கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் பார்ப்பதில்லை. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. துணிப்பையில் பாம்பை விட்டு, முடிச்சுப் போட்டு, காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் வையுங்கள். கார் ஏர்கோனைக் குறைத்துவிடுங்கள். கடைசிச் சட்டை, கடைசிச் சாப்பாடு, பெட்டியின் சூடு, ஈரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். நான் போனபோது என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், எக்ஸ்ரேயும் எடுக்கலாம். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். வீட்டில் மிச்சமிருக்கும் மனித மருந்தைக் கலக்கிக் கொடுக்காதீர்கள். மலைப்பாம்பு வகைகளைத் தாக்கும் நிடோவைரஸ் என்று ஒன்று உண்டு, 2014-இல்தான் கண்டறிந்தார்கள். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனால் புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், வேறு கிண்ணத்தோடு வையுங்கள். வாங்கும் முன் உரிமம் தேவையா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. காட்டில் பிடித்த மலைப்பாம்பை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெல்லத்துக்கு மூன்று நாளுக்கு ஒரு ஊசி. உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டும், பின்பாதியில் போட்டால் மருந்து நேரே சிறுநீரகத்துக்குப் போய்விடக்கூடும் என்று காட்டிக் கொடுத்தார்கள். ஊசி போடும் நாள்களில் பெட்டியின் சூட்டை ஒரு டிகிரிகூட விடவில்லை. உடம்பு சூடாக இருந்தால்தான் மருந்து சரியாக வேலை செய்யும். இரண்டாவது வாரமே நுரை நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். மருத்துவர் கூடாது என்றார், கடைசி ஊசி வரை போட்டோம். நான் பிடிக்க, அம்மா டார்ச் அடிக்க.

அதன் பிறகு ஒன்பதாம் நாள், வழக்கத்தில் பாதி அளவு எலி ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார். “டேய், எந்திரிச்சு வா. கிண்ணம் காலி.”