அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஒரு கிலோமீட்டரை அளந்து பாருங்க

[திரையில்: நத்தம் ரோடு, வரிசையாக பிளாட் விளம்பரப் பலகைகள்]

"பக்கத்திலேயே ஸ்கூல்"னு எழுதாத பிளாட் போர்டு மதுரையைச் சுத்தி அபூர்வம். ஆனா இந்தத் தெரு இந்தப் பள்ளிக்குன்னு எல்லை பிரிக்கிற வழக்கம் நம்ம ஊரில் கிடையாது. அரசுப் பள்ளியில் எந்த ஏரியாப் பிள்ளையும் சேரலாம். தூரம் கறாரா கணக்குக்கு வர்றது ஆர்.டி.இ. சீட்டில்தான், அதாவது கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் கட்டணம் இல்லாம கிடைக்கிற இடம்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் இதுக்கு ஒதுக்கணும். வீட்டிலிருந்து பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். எல்.கே.ஜி., இல்லைன்னா ஒன்றாம் வகுப்பு, அதாவது அந்தப் பள்ளி எங்க தொடங்குதோ அங்க மட்டும்தான் சேர்க்கை. மூணாங்கிளாஸ் பிள்ளைக்காக இதை நம்பி வீடு வாங்காதீங்க.

வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருந்தாத்தான் கிடைக்கும்னு பலர் விண்ணப்பமே போடுறதில்லை. அந்த வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்றிதழ் வச்சே விண்ணப்பிக்கலாம்.

சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. மதுரையில் பேர்போன பழைய பள்ளிகள் பல அந்த வகை. வாசலுக்கு எதிரிலேயே வீடு வாங்கினாலும் ஆர்.டி.இ. சீட் இல்லை.

[திரையில்: கூகுள் மேப், வீட்டின் மேல் விரல் அழுத்தப்படுகிறது]

இப்போ அளக்கலாம். மேப்பில் வீடு இருக்கிற இடத்தை அழுத்திப் பிடிச்சா சிவப்புக் குறி (பின்) விழும். கீழே "தூரத்தை அளவிடு". பள்ளி வாசல் வரை இழுங்க. புரோக்கர் லேஅவுட் ஆர்ச்சிலிருந்து 800 மீட்டர்னு சொல்லுவார். உங்க மனை கடைசி வரிசையில், ஆர்ச்சிலிருந்து 300 மீட்டர் உள்ளே இருந்தா கணக்கு 1,100. வட்டத்துக்கு வெளியே போயாச்சு.

அது நேர்கோடு. அடுத்து நடைவழியையும் போட்டுப் பாருங்க. நடுவில் கண்மாய் இருந்தா இங்கதான் ஏமாறுவோம். சித்திரையில் வீடு பார்க்கப் போறப்ப கண்மாய் வறண்டு கிடக்கும், பிள்ளைங்க குறுக்கே ஒத்தையடிப் பாதையில் பள்ளிக்குப் போகும். ஐப்பசி மழையில் அந்தப் பாதை தண்ணிக்குள்ள. அப்புறம் கரையைச் சுத்தித்தான் போகணும். ரிங் ரோடு குறுக்கே வந்தா, பிள்ளை எந்த இடத்தில் கடக்கும்னு காலை எட்டரை மணிக்கு நின்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க.

மத்திய அரசு நடத்துற கேந்திரிய வித்யாலயா கணக்கு வேற. மாவட்டத் தலைநகர்களில் ஆர்.டி.இ. இடத்துக்கு 5 கிலோமீட்டர். இங்க நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கு.

கடைசியா முகவரி. கிரயப் பத்திரம் பதிஞ்சதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. குடியேறின கையோட ஆதாரையும் ரேஷன் கார்டையும் புது முகவரிக்கு மாத்துங்க. விண்ணப்பம் வழக்கமா ஏப்ரல், மே மாசம். 2025-ல் அக்டோபர் வரை தள்ளிப்போச்சு. பங்குனியில் குடியேறி, ஆதாரில் பழைய வாடகை வீட்டு முகவரியே இருந்தா, இருப்பிடச் சான்று கேட்கிறப்ப அங்கேயே மாட்டிக்குவீங்க. விண்ணப்பம் அதிகமா வந்தா குலுக்கல். வீடு வட்டத்துக்குள்ள இருந்தா பேர் குலுக்கல் சீட்டில் ஏறும், அவ்வளவுதான்.