கணக்குக் கேட்டவருக்கு என் வாக்கு

நேயர்களுக்கு வணக்கம். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது வாஷிங்டனில் அதற்குள்ள செல்வாக்கு. அதன் இயக்குநர்களை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது வெளியில் அவ்வளவாகத் தெரியாது. அப்படி வாக்குரிமை பெற்ற ஆயுள் உறுப்பினர்களில் நானும் ஒருவன். என்னோடு சுடுதளத்தில் பயிற்றுநராக இருக்கும் ஒருவர் இயக்குநர் குழுவுக்கு மீண்டும் போட்டியிடுகிறார். அவருக்காகப் பேசவே வந்திருக்கிறேன். பெயரை வானொலியில் சொல்லப்போவதில்லை. வாக்குச்சீட்டு கையில் உள்ளவர்களுக்கு அவர் யார் என்று தெரியும்.

துப்பாக்கி உரிமையில் அவருக்குள்ள உறுதி பற்றி நான் பேச வேண்டியதில்லை. போட்டியிடும் எல்லோருக்கும் அது உண்டு. நிர்வாகத்திடம் கணக்குக் கேட்கும் துணிவு எல்லோருக்கும் இல்லை. அவருக்கு இருக்கிறது.

அது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய கதை வேண்டாம். 2020 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) லெட்டீஷியா ஜேம்ஸ், சங்கப் பணம் முறைகேடாகச் செலவிடப்பட்டது என்று கூறிச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1871இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமைப்பு என்பதால் அந்த மாநிலச் சட்டமே அதற்குப் பொருந்தும். சங்கத்தையே கலைக்க வேண்டும் என்று அவர் கேட்டது அநியாயம் என்பதுதான் இன்றும் என் கருத்து. நீதிமன்றமும் 2022இல் அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. ஆனால் பணம் வீணானது பொய்யல்ல. 1991 முதல் நிர்வாகத்தின் உச்சியில் இருந்த வெய்ன் லாப்பியர், விசாரணை தொடங்கும் தறுவாயில் 2024 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதம் ஜூரி அந்த முறைகேட்டுக்கு அவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்து, 43.5 லட்சம் டாலரைச் சங்கத்துக்குச் செலுத்தச் சொன்னது. உறுப்பினர்கள் கட்டிய சந்தாப் பணம் அது!

இவ்வளவும் நடந்தபோது 76 பேர் கொண்ட இயக்குநர் குழு எங்கே போயிருந்தது? 2021 ஜனவரியில் டல்லாஸில் சங்கத்தின் சார்பில் திவால் மனு தாக்கலானபோது, அதை இயக்குநர்களில் பலரே முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. மனு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதல்ல என்று கூறி மே மாதம் நீதிபதி அதை நிராகரித்தார். கான்சஸைச் சேர்ந்த நீதிபதியும் இயக்குநருமான பிலிப் ஜர்னி, சங்கத்தின் கணக்கு வழக்குகளை ஆராயச் சுதந்திரமான ஒருவரை நியமிக்குமாறு அந்த நீதிமன்றத்திலேயே கேட்டவர். அப்போது அவரோடு நின்றவர்கள் மிகச் சிலர். 2024 தேர்தலில் அவரும் சீர்திருத்தம் கோரிய மேலும் மூவரும் வென்றார்கள். உறுப்பினர்கள் மனம் வைத்தால் அங்கே எதுவும் மாறும் என்று அன்று எனக்குத் தெளிவானது.

வாசலில் எதிரி நிற்கும்போது வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் என் நண்பரைக் கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி கோபமூட்டுகிறது. உள்ளே கேட்க ஆள் இல்லாததால்தான் வெளியிலிருந்து வழக்கு வந்தது. கூட்டத்துக்கு முன்பே ஆவணங்களைப் படித்துவிட்டு வருபவர், புரியாத செலவுக்குக் கைதூக்க மறுப்பவர், சங்கத்துக்கு எப்படிப் பகைவராவார்? புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவருக்கு, குழாய் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைக் கவனிக்கப் பொறுமையாகக் கற்றுத் தருபவர் அவர். குழுவிலும் அதே நிதானத்தோடுதான் பேசுகிறார்.

வாக்களிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆயுள் உறுப்பினர்களும், தொடர்ந்து ஐந்தாண்டு சந்தா செலுத்தியவர்களும் வாக்களிக்கலாம். ஆண்டுதோறும் 25 இடங்களுக்குத் தேர்தல் நடப்பது வழக்கம். சங்கப் பத்திரிகையோடு வாக்குச்சீட்டு வருகிறது. பெரும்பாலோர் அதைப் பிரிப்பதே இல்லை. சிலர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும் என்று எண்ணி, முன்பின் அறியாத பெயர்களுக்கும் குறியிடுகிறார்கள். அவசியமே இல்லை. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் அந்தச் சீட்டு செல்லும். தெரியாத இருபது பேருக்கும் வாக்களித்தால், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அந்த வாக்குகளே பின்னுக்குத் தள்ளக்கூடும்.

என் சீட்டில் நண்பர் பெயரையும், கணக்குக் கேட்கும் வேறு சிலர் பெயரையும் மட்டுமே குறிக்கப்போகிறேன். உங்களுக்கு வாக்கு இருந்தால், கடைசித் தேதிக்குக் காத்திராமல் இந்த வாரமே உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.