சாட்சிக்கு வைத்த தட்டு

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன், கத்திப் பேசுகிற விஷயம் இல்லை இது. நோட்டீஸில் 'முதியோரைப் போற்றுவோம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். போற்றுவது பற்றி எனக்குப் பேச வராது. காலை எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்ட ஒரு பாட்டி எட்டரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எம்மருமக இன்னும் ஒண்ணும் குடுக்கல" என்று சொல்கிறார் பாருங்கள், அந்த வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சிரிக்கிறீர்கள். யார் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். பின்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் சிரிக்கவில்லை.

அப்படி ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் அந்த மருமகள் வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே அடுக்களைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து காட்டினார். ஓரத்தில் சட்னி காய்ந்து ஒட்டியிருந்தது. "பாருங்கக்கா, சாட்சிக்குக் கழுவாம வச்சிருக்கேன்." தினமும் அப்படித்தானாம். மதியம்வரை தட்டு கழுவாமல் இருக்கும், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குச் சாட்சி தேடி வைத்துக்கொண்டு வாழ்கிற நிலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டி பொய் சொல்லவில்லை, அதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். டிமென்ஷியா என்கிற மறதி நோயில், அதிலும் அதன் அல்சைமர் வகையில், பெரும்பாலும் முதலில் போவது புது நினைவு. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியில் யார் பரிமாறினார்கள் என்பது இருக்கும், அரைமணி முன்னால் தின்ற இட்லி இருக்காது. சாப்பிட்டோம் என்ற நினைவு பதியாதபோது சாப்பிடவில்லை என்பதுதான் அவருக்கு உண்மை. ஆனால் தெரு அதை வேறு மாதிரி கேட்கிறது. 'வயசான காலத்துல பட்டினி போடுறா' என்று கேட்கிறது.

தெரு இப்படிக் கேட்பது நம்மூரில் மட்டும் இல்லை. கோவாவில் விக்ரம் பட்டேல், மார்ட்டின் பிரின்ஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் செய்த ஒரு ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஊர்க்காரர்களை உட்காரவைத்து, மறதி நோய் கண்ட ஒரு முதியவரை விவரித்து, இது என்ன, ஏன் வந்தது என்று பேசவிட்டார்கள். அடையாளம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆமாம் இப்படி ஒருவர் எங்கள் தெருவிலும் உண்டு என்றார்கள். ஆனால் அதை நோய் என்று நினைக்கவில்லை, வயதானால் வருவது என்றார்கள். காரணம் கேட்டபோது வந்த பதில்தான் முக்கியம்: பிள்ளைகள் கவனிக்காததால் வந்தது, அன்பு இல்லாததால் வந்தது. ஆக, பார்த்துக்கொள்கிறவள்தான் குற்றவாளி. இதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது, மேடையில் சொல்லக் கூசுகிற சங்கதி: பல வீடுகளில் பராமரிப்பு என்பது சொத்து கைக்கு வரும் என்ற எதிர்பார்ப்போடு கட்டிப்போட்டதாக இருந்தது. கூட்டுக்குடும்பத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிற பேச்சில் பாதியை இந்த ஒரு வரி சாப்பிட்டுவிடும்.

சரி, நம் வட்டாரத்துக்கு வருவோம். 1998-இல் கொச்சியில் கூடிய ஒரு ஆய்வாளர் கூட்டத்திலிருந்து '10/66' என்று ஒரு குழு பிறந்தது. பெயரே ஒரு புகார்தான். டிமென்ஷியா கண்டவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், மக்களிடையே நடக்கும் ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பது அதன் பொருள். இந்தக் குழு சென்னை நகரத்திலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் 65 வயது தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. 2008-இல் வெளிவந்த முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழக்கமான மேல்நாட்டு அளவுகோலை வைத்தால் வேலூரில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட டிமென்ஷியா இல்லை. குழு தானே உருவாக்கிய அளவுகோலை வைத்தால் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆட்கள் அதேதான், கணக்குதான் வேறு.

ஏன் இந்த வித்தியாசம்? பழைய வகைச் சோதனைகளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், இரண்டு ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத ஒரு பாட்டியிடம் பென்சிலைக் கொடுத்தால் அவர் நல்ல நினைவோடு இருந்தாலும் தோற்பார். அதனால் புதுச் சோதனையில் முழங்கையைத் தொட்டு இது என்ன என்று கேட்டார்கள், சுத்தியல் எதற்கு என்று கேட்டார்கள், அப்புறம் வீட்டில் இருப்பவரிடம் தனியாகக் கேட்டார்கள். படிக்காதவர்களுக்கு நோய் இருப்பதாகத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பது ஒரு பக்கம்.

மறுபக்கம் இன்னும் சுவாரஸ்யம், வேலூர்க் கணக்கு அவ்வளவு குறைந்துபோனது இதில்தான். பழைய அளவுகோலின்படி, மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டுப்போயிருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் நோய். நம் வீடுகளில் சொல்ல மாட்டார்கள். பாட்டி எப்போதோ சமையலை மருமகளிடம் விட்டாயிற்று, பணம் பையன் கையில், கடைக்குப் பேரன் போகிறான், மாத்திரையை யாரோ எடுத்துத் தருகிறார்கள். எந்த வேலையும் இல்லாதவருக்கு எந்த வேலை கெட்டுப்போகும்? மறதி மெல்ல மெல்ல வர, வீடு சத்தமில்லாமல் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே போகிறது. 'நல்லாத்தான் இருக்காங்க, கொஞ்சம் புத்தி தடுமாறுது' என்று முடித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்திட்டுது' என்பார்கள், அத்தோடு சரி. நோய் கணக்கில் வராமல் போனதற்குக் காரணமே, வெளியே தெரியாமல் ஒருத்தி உழைத்ததுதான் என்று நான் சொல்வேன். இது என் வாசிப்பு, ஆய்வாளர்கள் இவ்வளவு கோபமாக எழுதவில்லை. புது அளவுகோலில் சென்னையில் கண்டறியப்பட்டவர்களை மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பலர் இறந்திருந்தார்கள், இருந்தவர்கள் பெரும்பாலும் மோசமாகியிருந்தார்கள். அதாவது புது அளவுகோல் ஆட்களை வீணாகப் பயமுறுத்தவில்லை.

இப்போது நாடு முழுக்க ஒரு கணக்கு இருக்கிறது. 2023-இல் வந்தது. 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். வருகிற மாத்திரைகள் கொஞ்ச நாள் சிலருக்குத் தாங்கிப்பிடிக்கும், குணமாக்காது. அதனால் கேள்வி எப்படியும் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

மறுபடி கோவாவுக்கே போகலாம், ஏனென்றால் அங்கே மருத்துவர் அமித் டயஸும் மற்றவர்களும் 2008-இல் வெளியிட்ட வேலைதான் எனக்குப் பிடித்தது. மொத்தம் 81 குடும்பங்கள். ஒரு பாதிக்கு உடனே உதவி, மறு பாதிக்கு ஆறு மாதம் கழித்து. உதவிக்குப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை, கொஞ்சம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், பின்னால் ஒரு மனநல மருத்துவர். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, இது நோய், உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை என்று விளக்கினார்கள். ராத்திரி தூங்காதவரை, குளிக்க மறுப்பவரை எப்படிச் சமாளிப்பது என்று பேசினார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வழி சொன்னார்கள். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தெளிவாகத் தேறியது, முதியவரின் நடவடிக்கையால் அவர்களுக்கு உண்டாகும் வேதனையும் குறைந்தது. முதியவரின் நடவடிக்கை மாறியது என்று உறுதியாகச் சொல்கிற அளவுக்கு எண்கள் இல்லை. இதில் சிலருக்கு ஏமாற்றம், எனக்கு இல்லை. பாட்டி அதேபோல் திண்ணையில் உட்கார்ந்து அதையேதான் சொல்கிறார், கேட்பவளுக்கு மட்டும் இப்போது நெஞ்சு எரியவில்லை.

தமிழ்நாட்டில் 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல திட்டம். என் ஆசை ரொம்பச் சின்னது. பாட்டிக்கு பிரஷர் பார்த்துவிட்டுக் கருவியைச் சுருட்டும்போது, பக்கத்தில் நிற்கிற மருமகளைப் பார்த்து, "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயிற்சி கொடுக்கலாம், படிவத்தில் ஒரு கட்டம் போடலாம்.

அந்தத் தட்டு வீட்டுக்கு மறுபடி போனேன். அத்தையோடு வாதாட வேண்டாம், 'இப்பத்தானே சாப்பிட்டீங்க' என்று சொல்லவே வேண்டாம், எட்டு மணிக்கு இரண்டு இட்லி, கேட்கும்போது மிச்சம் இரண்டு என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பலித்திருந்தது, தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமைதான். காபி கொடுத்துவிட்டு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் சரிக்கா. எங்கம்மாவுக்கும் இப்ப முடியல. மூணு வருஷமா ஊருக்குப் போகல. ரெண்டு நாள் போயிட்டு வரணும், அதுவரைக்கும் இவங்களை யாருக்கா பாத்துக்குவா?"

வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.